தொள்ளாயிரம் கிராம்

"கொஞ்சம் வச்சுக்கிறீங்களாக்கா?" என்று கேட்ட பெண்ணுக்கு நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது, அதற்குள் குழந்தை என் மடிக்கு வந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் நடப்பதுதான். நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களிடம் பையைக் கொடுப்பார்கள், கூடையைக் கொடுப்பார்கள், பிள்ளையையும் கொடுப்பார்கள், இறங்கும்போது வாங்கிக்கொள்வார்கள். கைப்பையைக் காலுக்கு நடுவில் இறக்கிவிட்டுக் குழந்தையைச் சரியாக உட்காரவைத்தேன். வைத்த கணமே தொடை சொல்லிவிட்டது, எட்டு. எட்டுக் கிலோ, துணியோடு. இருபத்தாறு வருஷமாக எங்கள் ஊர் அங்கன்வாடியில் மாதாமாதம் பிள்ளைகளைத் தூக்கி எடை போடுகிறவள் நான், தராசு சொல்வதற்கு முன்னால் என் உடம்புக்குத் தெரிந்துவிடும், அது ஒன்றும் திறமை இல்லை, காய்கறி விற்கிறவளுக்குக் கால் கிலோ தெரிவது போலத்தான். பத்து மாசக் குழந்தையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இல்லை, ஒரு வயசாகவே இருக்கட்டும். அப்படியானால் எட்டு மோசமில்லை, நிம்மதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகலாம். அப்போது பார்த்து அது கொட்டாவி விட்டது. கடைவாயில் பல். மேலே இரண்டு பக்கமும், கீழே இரண்டு பக்கமும். பார்க்காதே பூங்காவனம், வெளியே பார், கரும்பு டிராக்டர் போகிறது பார், இன்றைக்கு உனக்கு வேறு வேலை இருக்கிறது, பத்தரைக்கு மீட்டிங் இருக்கிறது. "பாப்பாவுக்கு என்ன வயசும்மா?" என்று என் வாய் கேட்டது. "ரெண்டரை முடிஞ்சிடுச்சுக்கா. ஓவியான்னு பேரு" என்றாள் அந்தப் பெண், கம்பியைப் பிடித்தபடி, சிரித்தபடி. "ரொம்ப நல்ல புள்ளக்கா. யாருகிட்டக் குடுத்தாலும் போவும். அழவே அழாது."

அழவே அழாது. இதையேதான் எங்கள் ஊர் வெண்ணிலாவும் சொன்னாள், இதே பெருமையோடு. எம் பொண்ணு கனிஷ்கா எங்க விட்டாலும் அங்கயே உக்காந்திருக்கும் டீச்சர், அழவே அழாது. அழுவதற்கும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நானே அம்மாக்கள் கூட்டத்தில் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். தெரிந்திருந்தும் அன்றைக்கு நான் வெண்ணிலாவிடம் சொன்னது, அப்பாடா, உனக்கு வேலை மிச்சம். சொன்னேனா? சொன்னேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன். ஓவியாவின் கை என் கட்டை விரலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பிடிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பிடித்தேன். கட்டை விரலும் நடுவிரலும் அதன் மேல்கையைச் சுற்றி வந்து சந்தித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அதற்கு மேல் கைச்சுற்றளவு டேப் வைத்து அளக்க ஒன்றும் இல்லை. நான் உடுத்தியிருந்தது கல்யாணத்துக்கு உடுத்துகிற புடவை. மீட்டிங்கில் இன்றைக்கு எங்கள் வட்டாரத்துக்கு ஷீல்டு கொடுக்கிறார்கள், எடை மிகவும் குறைந்த குழந்தை ஒன்றுகூட இல்லாத சென்டர்களுக்குச் சான்றிதழ், பெயர் கூப்பிடும்போது மேடையேறி வாங்க வேண்டும். "எல்லாரும் நல்ல புடவையா கட்டிட்டு வாங்க, போட்டோ எடுப்பாங்க" என்று சூப்பர்வைசர் மேடம் நேற்றுப் போனில் சொன்னார். இந்தப் புடவையின் மேல்தான் இந்த எட்டுக் கிலோ உட்கார்ந்திருக்கிறது, தலைமுடி செம்பட்டையாக, எண்ணெய் வைத்து அழுந்தச் சீவி, நெற்றியில் பெரிய மையிட்டு. அந்தப் பெண்ணும் பிள்ளையைச் சிங்காரித்துத்தான் கொண்டுவந்திருக்கிறாள்.

அது போன வருஷம் ஆவணி மாசம், எடை போடுகிற நாள். கனிஷ்காவுக்கு இரண்டு வயசு. தராசு ஏழு கிலோ எண்ணூறு காட்டியது. சிவப்பு. எங்கள் அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை உண்டு, சிவப்பில் விழுந்தால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், பதினாலு நாள் வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு அந்த மாசம் அது மூன்றாவது சிவப்பு. சூப்பர்வைசர் ஹேமலதா மேடம் நோட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கோபமே படவில்லை. "தராசு சரியா இருக்கா பூங்காவனம்? இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன். எனக்கும் மேல இருந்து கேக்கிறாங்க, மத்த ஊர்லயெல்லாம் குறையிது, உங்க ஊர்ல மட்டும் ஏன் ஏறுதுன்னு." இன்னொரு தடவை போட்டால் இன்னொரு தடவையும் ஏழு எண்ணூறுதான் வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் ஏறுகிறது என்றும் தெரியும். சர்க்கரை ஆலை மூடியதிலிருந்து நான் தூக்குகிற பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் லேசாகிக்கொண்டு வருகிறார்கள். நான் எட்டு கிலோ எழுநூறு என்று எழுதினேன். மஞ்சள். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படியே. தொள்ளாயிரம் கிராம். இந்தப் பதினாலு மாசமாக என் கையில் எது வந்தாலும் அது தொள்ளாயிரம் கிராம் இருக்குமா என்று பார்க்கிறேன். ஒரு நடுத்தரப் பூசணித் துண்டு. நனைந்த துண்டு ஒன்று. என் மருமகன் வாங்கி வந்த ஆப்பிள் ஐந்து. மேடம் சொன்னதால்தான் எழுதினேன் என்று சொல்லிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும், பல நாள் சொல்லியும் பார்த்தேன், ஆனால் அது ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறது. எழுதும்போது என் மனசில் இருந்தது மேடம் இல்லை, வெண்ணிலா. வாசலில் நின்றுகொண்டிருந்தாள், நெயில் பாலிஷ் போட்டிருந்தாள், பச்சைக் கலர். நெயில் பாலிஷுக்கு வழியிருக்கிறது, பிள்ளைக்கு ஒரு முட்டை வாங்க வழியில்லையா என்று நினைத்தேன். நாம் கொடுக்கிற சத்துமாவை இவள் ஆட்டுக்கு வைக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், அதை நான் நம்பினேன், நம்புவது சுலபமாக இருந்தது. இவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பதினாலு நாள் சும்மா உட்கார்ந்து தின்பாள் என்றுகூட. பேனா அதற்குப் பிறகு தயங்கவே இல்லை.

ஐப்பசியில் பத்து நாள் விடாமல் மழை. கனிஷ்காவுக்கு இரண்டு நாள் வயிற்றால் போனது, மூன்றாம் நாள் காலையில் இல்லை. நல்ல எடையுள்ள பிள்ளைகளுக்கும்தான் வயிற்றால் போகிறது, அவர்கள் இளைத்துப்போய் எழுந்துகொள்கிறார்கள், இவளிடம் இளைக்க ஏதும் இல்லை. நான் துக்கம் கேட்கப் போனேன். அந்த வீட்டில் ஆடே இல்லை. ஆடு கட்டுகிற முளைக்குச்சிகூட இல்லை. சத்துமாவுப் பாக்கெட்டுகளின் காலி உறைகளை வெண்ணிலா கழுவி, கூரை ஒழுகுகிற இடத்தில் ஒன்றோடொன்று தைத்துக் கட்டியிருந்தாள். "பொழுது சாஞ்சா நாங்க மூணு பேரும் அதத்தான் கிளறித் தின்னோம் டீச்சர், அவளுக்குத்தான் மொதல்ல ஊட்டுவேன்" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். "சோறு இருக்கும் டீச்சர். ரேஷன் அரிசி இல்லன்னு சொல்லல. சோத்து மேல ஊத்தத்தான் ஒண்ணும் இருக்காது. வெறுஞ்சோத்த வச்சா துப்பிடுவா." அதற்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் மாசாமாசம் வந்து பாத்தீங்க, நல்லாத்தான் இருக்கான்னு சொன்னீங்க, எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல" என்று அழுதாள். அழட்டும் என்று நின்றேன். இப்போது நாலு மாசம் முழுகாமல் இருக்கிறாள், என்னிடம்தான் பெயர் பதிந்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருகிறாள், இந்தப் புள்ளையையாவது நல்லாப் பாத்துக்குங்க டீச்சர் என்கிறாள். அவளைத் தூரத்தில் பார்த்ததும் எனக்குத் தண்ணீர் தவிக்கும், உள்ளே போய்ப் பானையருகில் நின்றுகொள்வேன்.

"லேடீஸ் எல்லாம் சீட்டு வாங்கிக்குங்க, செக்கிங் வந்தா என்னைக் கேக்கக் கூடாது" என்று கண்டக்டர் காசில்லாத சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டு போனார். எனக்கு முன் சீட்டில் உரக்கடை சதாசிவம் அண்ணன். நல்ல மனுஷன். பேத்தி பிறந்தநாளுக்கு எங்கள் சென்டர் பிள்ளைகளுக்குத் தட்டு வாங்கிக் கொடுத்தவர், எங்கள் ஃபேன் இறக்கையில் அவர் பேர்தான் சுற்றுகிறது. அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், "பாருங்க, நாப்பது பேர்ல முப்பது பேர் ஓசி. அரிசி சும்மா, காலைல பள்ளிக்கூடத்துல டிபன், மத்தியானம் முட்டை, மாசம் பொறந்தா பேங்குல காசு. அப்புறம் எவன் எங் கொல்லையில களை எடுப்பான்?" பக்கத்திலிருந்தவர், "புள்ளையப் பெத்துப் போட்டாப் போதும், கவர்மெண்டு வளத்துக்கும்னு ஆயிப்போச்சு. இந்தக் காலத்துல யாருங்க பட்டினி கெடக்கா?" என்றார். கூடையோடு நின்ற ஒரு அம்மா, "ஏங்க, இந்த பஸ்ஸு இல்லன்னா நான் பூவத் தூக்கிட்டு நாலு கிலோமீட்டர் நடக்கணுங்க" என்றாள். "உன்னச் சொல்லலம்மா, நீ உழைக்கிற" என்றார் சதாசிவம் அண்ணன் உடனே. உன்னைச் சொல்லவில்லை. இதுவரை அவர் யாரையும் சொன்னதில்லை, எதிரே நிற்கிற ஆளை எப்போதும் விட்டுவிடுவார், மீதி எல்லோரையும் சொல்வார். நானும் அப்படித்தானே. இந்தக் காலத்தில் யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று நானும் சொல்லியிருக்கிறேன், மகள் வீட்டில், கல்யாணப் பந்தியில், இலையில் பாதியை ஒதுக்கிவைத்துவிட்டு. ஓவியா என் புடவை ஜரிகையை ஒரு விரலால் தொட்டது, இழுக்கவில்லை, பிள்ளை என்றால் இழுக்க வேண்டும், வாயில் வைக்க வேண்டும். தொட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டது. அம்மாக்காரி குனிந்து என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். பொன்னுருவி என்று பேர், மலை ஊர், புருஷனோடு செங்கல் சூளைக்கு வந்து ஆறு மாசம், தாலுகா ஆபீசுக்குப் போகிறாள், ரேஷன் கார்டில் பிள்ளை பேர் சேர்க்க வேண்டும், ஏற்கெனவே இரண்டு நடை நடந்துவிட்டாள். "சூளைக்குப் பக்கத்துல பால்வாடி இருக்குமேம்மா, அங்க போகலையா?" "போனேங்க்கா. நீ இந்த ஊரு இல்லையேன்னாங்க. சரின்னு வந்துட்டேன்."

"நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்று சதாசிவம் அண்ணன் அப்போதுதான் திரும்பினார். "போன வாரம் பேப்பர்ல வந்துச்சு, நம்ம ஒன்றியத்துல எடை கொறஞ்ச புள்ளையே இல்லையாம். உங்களுக்கெல்லாம் இன்னைக்கு விருது வேறயாம். சந்தோஷம். அப்ப இன்னும் எதுக்கு முட்டை, மாவுன்னு கொட்டணும்? நிறுத்திட வேண்டியதுதான? உங்க பால்வாடியில பட்டினிப் புள்ளை ஒண்ணு காட்டுங்க பாப்போம்." அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நான் கொடுத்த எண்ணைத்தான் என்னிடமே திருப்பிச் சொன்னார். என் பேனாவிலிருந்து மேடத்தின் நோட்டுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், அச்சாகி, இந்த நல்ல மனுஷனின் சட்டைப்பையில் மடித்துக் கிடக்கிறது. அவர் எதை வைத்து வேறு மாதிரி நினைப்பார்? சிரித்துத் தலையாட்டிவிட்டால் போதும். இருபத்தாறு வருஷமாக அதற்குத்தான் பழகியிருக்கிறேன். "இருக்குதுண்ணே" என்றேன். குரல் யாருடையதோ போல வந்தது. "மூணு புள்ளைங்க இருந்துச்சு. நான்தான் மாத்தி எழுதிட்டேன். இதோ இந்தப் புள்ளையும் அப்படித்தான். எட்டுக் கிலோகூடத் தேறாது, ரெண்டரை வயசு." சொன்னவுடன் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், என்னைக் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன், அதற்கு உடம்பைக்கூடக் கல்லாக்கிக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் பொன்னுருவியைப் பார்த்தார்கள். அவள் காலில் கிடந்த கொலுசை, கையில் இருந்த போனை, தலையில் இருந்த கனகாம்பரத்தை. "பெத்தவதான் பாத்துக்கணும்" என்று ஒரு குரல். "போன் இருக்கு பாரு" என்று இன்னொன்று. பூக்கார அம்மாகூட, "புள்ளைக்கு ஒரு பாலு வாங்கிக் குடுக்க மாட்டியா?" என்று கேட்டாள். பொன்னுருவியின் முகம் சுண்டிப்போயிற்று. "எம் புள்ள பட்டினியெல்லாம் இல்ல" என்றாள். "நாங்க யார்கிட்டயும் கையேந்தல. ரெண்டு வேள சோறாக்குறேன்." சொல்லிக்கொண்டே குனிந்து ஓவியாவை என் மடியிலிருந்து பிடுங்கினாள். தொடை சட்டென்று வெறுமையாகிவிட்டது. "எறக்கி விடுங்க" என்று கத்தினாள். பஸ் மூடிக்கிடந்த ஆலை வாசலில் நின்றது.

நானும் இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது, கால் இறங்கிவிட்டது, சதாசிவம் அண்ணன் ஜன்னல் வழியாக, "டீச்சர், மீட்டிங் இருக்குல்ல" என்றார். பஸ் போய்விட்டது. வெயில். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள், நான் அந்தப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "நில்லும்மா" என்றால் நிற்கவில்லை. "ஏங்க்கா, எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டு இப்ப எதுக்கு வர்றீங்க?" என்றாள் திரும்பாமல். அசிங்கப்படுத்தினேன்தான். வெண்ணிலாவுக்குச் சொல்ல வேண்டியதை வழியில் கிடைத்தவள் தலையில் போட்டேன். "பெரியாஸ்பத்திரிக்கு வாம்மா, நான் கூட வர்றேன், பதினாலு நாள் வச்சுப் பாப்பாங்க, உனக்கும் அங்கயே சாப்பாடு." "பதினாலு நாளா? சூளையில வேற ஆளப் போட்டுருவாங்க." "போட்டாப் போடட்டும்." "உங்களுக்கென்ன." ஆமாம், எனக்கென்ன. நான் நின்றுவிட்டேன், மூச்சு வாங்கியது, ஆலைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். வெண்ணிலாவிடம் சொல்லாததை, என் மகளிடம் சொல்லாததை. ஒரு பிள்ளை இருந்தது, கனிஷ்கா என்று பேர், இவளைப் போலவே அழாது, சிவப்பென்று தெரிந்தும் தொள்ளாயிரம் கிராம் கூட்டி எழுதினேன், அம்மாக்காரி நெயில் பாலிஷ் போட்டிருந்தாள் என்பதற்காக எழுதினேன், இரண்டு மாசத்தில் செத்துப்போயிற்று. பொன்னுருவி திரும்பிப் பார்த்தாள். ஆறுதலாகவெல்லாம் இல்லை. தெருநாயைப் பார்ப்பது போல, கடிக்குமா என்று பார்ப்பது போல. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், எனக்கு எட்டாத பக்கத்துக்கு. "எம் புள்ளையும் செத்துருமா?" என்று கேட்டாள். "தெரியாதும்மா. இப்பப் போனா பொழைச்சுக்கும்." ரோட்டோரத்துக்கு வந்து நின்றாள். ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. அவள் ஏறினாள், வா என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் ஓட்டுநர் பக்கத்துப் பலகையில் ஏறி உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சட்டையைக் கழற்றி எடை போட்டார். ஏழு எழுநூறு. வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், முகம் மாறாமல், "சேத்துக்கணும்" என்றார். அப்போது என் போன் அடித்தது. "எங்க இருக்கீங்க பூங்காவனம்? உங்க பேரு கூப்பிடப் போறாங்க." "பெரியாஸ்பத்திரியில இருக்கேன் மேடம். ஒரு சிவப்புக் குழந்தையோட." அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது, யார் பேரையோ கூப்பிட்டார்கள். மேடம் குரலைத் தாழ்த்தினார். "எந்த சென்டர்ப் புள்ளை?" "எந்த சென்டர்லயும் இல்ல மேடம். என் சென்டர்ல மூணு இருந்துச்சு, அதுல ரெண்டுதான் இப்ப உசிரோட இருக்கு. அந்த ரெண்டையும் நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்." அவர், "சாயந்தரம் பேசுங்க" என்றார், என்ன குரல் அது, கோபமா, வேறெதுவுமா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வேலை போகலாம். போனால் வெண்ணிலாவின் பிரசவத்தை யார் பார்ப்பது என்று ஒரு நினைப்பு வந்தது, அடுத்தே, அவளுக்கும் இதை நான் சொல்லியாக வேண்டும், என் வாயாலேயே சொல்லியாக வேண்டும் என்று வந்தது. நர்ஸ் ஒரு படிவத்தைப் பொன்னுருவியிடம் நீட்டி, "நிரப்பிக் குடும்மா" என்றார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். வராந்தாவில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கடைசியில் என்னிடம் நீட்டினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன், குழந்தை பேர், வயது, தாய் பேர், ஊர், எடை. எழுதி முடித்து நீட்டினால் வாங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஓவியாவை மார்போடு அணைத்துக்கொண்டு, தாளில் என் விரல் இருந்த இடத்தையே பார்த்தாள்.

"என்ன எழுதினீங்கன்னு படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

படித்தேன்.

"இன்னொரு தடவ படிங்க."